ஆணி தருபவன் ஆண்டானாகிறான்!

மாட்டை விற்கிறான் ஒருவன். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசியாயிற்று. பணத்தை எண்ணி மடியிலே கட்டியாயிற்று. வாங்கியவன் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்புகிறான். பத்தடி போனதும் மாடு நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் மூக்கணாங்கயிற்றின் மறுமுனை விற்றவன் கையிலேயே இருக்கிறது! "மாடு உன்னுடையதுதானே, யார் இல்லை என்றார்கள்? கயிறு மட்டும் என்னுடையது" என்கிறான் அவன். பொள்ளாச்சிச் சந்தையிலே இப்படி ஒரு வியாபாரம் நடந்தால் அடுத்த நிமிடம் அடிதடி. உலகத்து ஆயுதச் சந்தையிலே நடந்தாலோ, அதற்கு ஒப்பந்தம் என்று பெயர்! கையெழுத்து, கைகுலுக்கல், புகைப்படம், விருந்து! மாடு இங்கே வந்து சேருகிறது. கயிறு அங்கேயே இருக்கிறது.

அந்தக் கயிற்றைத்தான் உதிரிப் பாகம் என்கிறார்கள்.

"போர் என்றால் எழுதலாம், பேர ஊழல் என்றால் எழுதலாம், உதிரிப் பாகமும் ஒரு பொருளா?" என்று மேடையை மட்டும் அறிந்த தோழர் கேட்கக்கூடும். பட்டறையை அறிந்த தோழர் கேட்கமாட்டார். பஸ் டிப்போவிலே பத்து வண்டிகள் படுத்துக் கிடப்பது எதனாலே என்று அவருக்குத் தெரியும். எஞ்சினே போய்விட்டதாலா? அல்ல. ஒரு சீல், ஒரு பேரிங், ஒரு கேஸ்கட். கைக்குள் அடங்கும் சாமான் வரவில்லை. மலைபோன்ற வண்டி மூலையிலே நிற்கிறது. பஸ் நின்றால் பயணி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பான். பனிமலை உச்சியிலே காவல் நிற்கும் சிப்பாய்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிச் செல்லும் விமானம் நின்றுவிட்டால், அவன் எதற்குக் காத்திருப்பான்?

கற்பனைக்குக் கேட்கவில்லை நாம். நடந்த கதை இருக்கிறது.

நமது விமானப் படையினர் 'பாக்கெட்' என்று அழைத்த சரக்கு விமானம் ஒன்று உண்டு. ஏட்டிலே அதன் பெயர் சி-119. அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'பறக்கும் சரக்குப் பெட்டி'. மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரிலே பேர்சைல்டு கம்பெனி செய்தது. 1947இல் முதலாவது பறந்தது. 1955இல் உற்பத்தி நின்றது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேலாகச் செய்து தள்ளிவிட்டார்கள். அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூட்ஸ் வண்டிப் பெட்டி ஒன்றுக்கு இறக்கை கட்டி, இரண்டு வால்களை ஒட்டவைத்தது போன்ற உருவம். ஆனால் உழைப்பாளி! பின்புறத்தைத் திறந்தால் லாரியை நேரே வந்து முட்டுக்கொடுத்துச் சரக்கை ஏற்றலாம். 62 பாராசூட் வீரர்களைச் சுமக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பெரிய எஞ்சின்கள்.

அதன் பெருமையையும் சொல்லிவிடுவோம். உழைத்தவனை உழைத்தவன் என்று சொல்வதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை. கொரியப் போரின்போது, 1950 டிசம்பர் 7ஆம் நாள், மலைப் பாதையிலே பாலம் தகர்க்கப்பட்டு, அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கானோர் பனியிலே சிக்கிக்கொண்டார்கள். இந்த விமானங்கள் இரும்புப் பாலத்தின் எட்டுத் துண்டுகளைப் பாராசூட்டிலே கட்டி வானத்திலிருந்து இறக்கின. ஒன்று எதிரியிடம் விழுந்தது, ஒன்று உடைந்தது, மிச்சம் இருந்ததைக் கொண்டு பாலம் கட்டிக் கரையேறினார்கள். 1960 ஆகஸ்டு 19 அன்று, விண்வெளியிலிருந்து வேவுப் படச்சுருளைச் சுமந்துகொண்டு பாராசூட்டில் இறங்கிவந்த பெட்டியை, ஹவாய்த் தீவுக்கு அருகே நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடித்ததும் இதே இனத்து விமானம்தான். முதல் சுற்றில் தப்பியது, இரண்டாவதிலும் தப்பியது, மூன்றாவது சுற்றிலே பிடித்துவிட்டது. தூண்டிலிலே வானத்து மீனைப் பிடித்த கதை!

1954இல் இந்த விமானங்கள் இந்தியாவுக்கு வந்தன. பிறகும் தவணை தவணையாக வந்தன. மொத்தம் எழுபதுக்கும் மேலே. வந்தவற்றுக்கு இடப்பட்ட வேலை, ஹேகர்ஸ்டவுனில் படம் வரைந்தவன் கனவிலும் கண்டிராத வேலை. இமயத்தைத் தாண்டி லடாக்குக்குச் சரக்குச் சுமக்க வேண்டும்! 1962 ஜூலை 23ஆம் நாள் ஸ்குவாட்ரன் லீடர் சி.கே.எஸ். ராஜே என்ற விமானி, காரகோரம் கணவாய்க்கு அருகே தௌலத் பேக் ஓல்டி என்ற இடத்திலே பாக்கெட்டைத் தரையிறக்கினார். உயரம் என்ன தெரியுமா? பதினாறாயிரம் அடிக்கும் மேலே! உதகமண்டலம் ஏழாயிரத்துச் சொச்சம் அடி. உதகையின்மேல் இன்னொரு உதகையை வைத்து, அதற்கும் மேலே ஏறி நின்றால்தான் அந்த உயரம். அங்கே காற்று இளைத்துக் கிடக்கும். மனிதனுக்கும் மூச்சு முட்டும், எஞ்சினுக்கும் மூச்சு முட்டும்.

இரண்டு எஞ்சின்களில் ஒன்று மலைமேலே நின்றுவிட்டால்? மற்றொன்று ஒற்றையாய்ப் பாரத்தைத் தாங்காது. விமானம் தணியத் தொடங்கும். தணிய இடம் கொடுக்காமல் சிகரங்கள் நிற்கும். இதற்கு வழி தேடினார்கள். விமானத்தின் முதுகிலே மூன்றாவதாக ஒரு ஜெட் எஞ்சினை ஏற்றி வைத்தார்கள். அந்த எஞ்சினின் பெயர் ஆர்பியஸ். வரைபடம் பிரிட்டிஷ் வரைபடம். ஆனால் உரிமம் பெற்று, உலோகத்தைக் கடைந்து, கோத்து, ஓட்டிப் பார்த்து உருவாக்கியவர்கள் பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலைத் தொழிலாளர்கள். அமெரிக்க உடல், அதன் முதுகிலே பெங்களூர் எஞ்சின்! செய்தவன் தராத பலத்தைப் பழுது பார்ப்பவன் தந்தான். இதைப் பள்ளிப் பாடத்திலே சேர்த்தார்களா? இல்லை. எந்த மன்னன் எந்த ஆண்டு யானைமேல் ஏறினான் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பார்கள்.

சரி, கயிறு எப்போது இழுபட்டது?

1965 செப்டம்பர். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர். செப்டம்பர் 8 அன்று அமெரிக்கா சொல்லிற்று: "இரு தரப்புக்கும் இனி இராணுவச் சாமான் கிடையாது." தராசு சமமாகத்தான் இருந்தது என்று வாஷிங்டனிலே சொல்லிக்கொண்டார்கள். அடி அதிகமாக விழுந்தது பாகிஸ்தானுக்குத்தான். அவர்களுடைய போர் விமானங்கள் பெரும்பாலும் அமெரிக்காவினுடையவை. நண்பன் என்று கட்டித் தழுவி, ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆயுதத்தை அள்ளிக்கொடுத்து, அது தேவைப்பட்ட நாளிலே உதிரிப் பாகத்தை நிறுத்திய நட்பு அது! இந்தியாவின் கையிலிருந்த அமெரிக்கச் சாமான்களில் பெரியது இந்தச் சரக்கு விமானம். குண்டு போடுகிற விமானமா? இல்லை. அரிசி சுமக்கிற விமானம். கொலைக்கருவி எது, சோற்று மூட்டை சுமப்பது எது என்று தரம் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு 1966 வரை ஆயிற்று. அந்த ஆண்டில்தான் கொலைக்கருவி அல்லாத சாமான்களுக்குக் கதவை ஒருக்களித்துத் திறந்தார்கள். 1967 ஏப்ரலில், முன்பு தந்தவற்றின் உதிரிப் பாகங்களை ஒவ்வொரு விண்ணப்பமாகப் பரிசீலித்து விற்போம் என்று அறிவித்தார்கள்.

ஒவ்வொரு விண்ணப்பமாக! அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய விமானத்துக்குக் காசு கொடுத்து ஆணி வாங்க, ஒவ்வொரு முறையும் ஒரு மனு. மனுவைப் பார்ப்பவன் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் ஆணியை மட்டுமா பார்ப்பான்? நேற்று ஐக்கிய நாடுகள் சபையிலே நீ எந்தப் பக்கம் கை தூக்கினாய் என்றும் பார்ப்பான். கையிலே கயிறு இருக்கிறவன் இழுக்காமலிருந்தாலும், மாடு அவன் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கும்.

மனுவுக்கு இரக்கம் காட்டிச் 'சரி' என்று சொன்னாலும் முடிந்ததா? அங்கேதான் இரண்டாவது சிக்கல். விற்பவன் மனம் வைத்தாலும் சரக்கு இருக்க வேண்டுமே! பாக்கெட் விமானத்தின் உற்பத்தி 1955இலேயே நின்றுவிட்டது என்று சொன்னோம். அமெரிக்க விமானப் படை 1970களில் தன்னிடம் இருந்தவற்றை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. 1980களிலே ஹேகர்ஸ்டவுன் தொழிற்சாலையே மூடப்பட்டது. நமது படையிலோ அது 1980களின் நடுப்பகுதி வரை மலையேறிக்கொண்டிருந்தது. தாய்வீடு இடிந்துபோன பிறகும் தாலி கட்டிய வீட்டிலே உழைக்கிற பெண்ணைப் போல! தொழிற்சாலை மூடினால் அச்சு போகும், அளவுகோல் போகும், வரைபடம் எங்கோ ஒரு கிடங்கிலே தூசி படியும், அதைப் படிக்கத் தெரிந்த கிழவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அந்த விமானத்துக்கு என்னென்ன வேண்டியிருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் 18 சிலிண்டர்கள். சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து 72 பிளக்குகள்! ஸ்கூட்டருக்கு ஒரு பிளக் கரி பிடித்தாலே நடுத்தெருவில் தள்ளிக்கொண்டு போகிறோம். பிறகு வால்வு, பிஸ்டன் வளையம், எண்ணெய்க் குழாய், பிரேக் தட்டு, டயர், நூற்றுக்கணக்கான ரப்பர் வளையங்கள். ரப்பர் வளையம் என்றால் அலட்சியமாக நினைக்கக் கூடாது. இரும்பு ஓடினால்தான் தேயும். ரப்பர் பெட்டியிலே தூங்கினாலும் சாகும். அலமாரி நிறைய வாங்கி அடுக்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிற அதிகாரிக்கு, சில ஆண்டு கழித்து அலமாரி நிறைய வெடித்த ரப்பர்தான் இருக்கும். சில உறுப்புகளுக்கு ஆயுளே மணிக்கணக்கில் விதிக்கப்பட்டிருக்கும். இத்தனை மணி நேரம் பறந்துவிட்டால், பார்க்கப் புதுசுபோல மின்னினாலும் கழற்றி எறிய வேண்டும்.

சரக்கு வராதபோது பழுதுபார்ப்பவர் என்ன செய்வார்? உலகத்து விமானப் படை எல்லாவற்றுக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. நிற்கிற விமானத்திலிருந்து கழற்றி, பறக்க வேண்டிய விமானத்துக்கு மாட்டுவது. அண்ணன் சட்டையைக் கழற்றித் தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற குடும்பத்தின் பொருளாதாரம் அது. இன்று ஒரு பம்பு, நாளை ஒரு சக்கரம் என்று கழற்றக் கழற்ற, நிற்கிற விமானம் எலும்புக்கூடாகிவிடும். ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறான் தொழிலாளி, கழற்ற ஒருமுறை, மாட்ட ஒருமுறை. அறிக்கையிலே மட்டும் இரண்டு விமானங்களும் 'கைவசம் உள்ளவை' என்று கணக்கில் நிற்கும்.

பணக்கார நாட்டில் இதையே பெரிய அளவில், ஒழுங்காகச் செய்கிறார்கள். அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்துப் பாலைவனத்திலே, ஓய்வு பெற்ற விமானங்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். மழை குறைவு, காற்றிலே ஈரம் குறைவு, மண் கெட்டி. துரு சுலபத்தில் ஏறாது. எந்த விமானத்துக்கு எந்த உறுப்பு தேவையோ அதை அங்கிருந்து கழற்றி அனுப்புவார்கள். செத்த விமானம் உயிருள்ள விமானத்துக்குக் கண்தானம் செய்கிறது! நாம் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. விமானத்தை வாங்கும் நாளிலேயே அதன் முதுமையையும் எண்ணிப் பார்க்கிறவன் புத்திசாலி.

நம்மவருக்கு அந்தத் திறமை இல்லையா? இருக்கிறது என்பதற்குக் கான்பூரிலே சாட்சி உண்டு. அது சரக்கு விமானத்தின் கதையல்ல, குண்டுவீச்சு விமானத்தின் கதை. ஆனாலும் உதிரிப் பாகத்தைப் பற்றி இதைவிட நல்ல கதை நமக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. அமெரிக்காவிலே செய்யப்பட்ட 'லிபரேட்டர்' விமானங்கள் கான்பூரிலே ஏராளமாகக் கிடந்தன. திருப்பிக் கொண்டுபோகச் செலவு. விட்டுப்போனால் மற்றவன் பறந்துவிடுவான்! என்ன செய்தார்கள்? எஞ்சின்களிலே மணலைக் கொட்டினார்கள். கருவிகளை உடைத்தார்கள். இனி இவை எழுந்திருக்கா என்று திருப்தியோடு போய்ச் சேர்ந்தார்கள். எச்.ஏ.எல். தொழிலாளர்கள் வந்தார்கள். பிணங்களுக்கு நடுவே புகுந்து, இதிலே ஒரு கை, அதிலே ஒரு கால் என்று சேர்த்து, பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். முழுச் சீரமைப்புக்கு முந்திய நிலையில் அந்தப் பயணம்! அந்த மனிதருக்கு நெஞ்சு எதனால் செய்யப்பட்டிருந்ததோ! நாற்பத்திரண்டு விமானங்கள் உயிர்பெற்றன. 1948இலே படையில் சேர்ந்தவை 1968 முடியும்வரை பறந்தன. பிறகு நடந்ததுதான் வேடிக்கை: உலகத்திலே அந்த இன விமானம் அருகிப் போனபோது, அமெரிக்க, பிரிட்டிஷ் அருங்காட்சியகங்கள் இந்தியாவிடம் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போயின. உடைத்துப் போட்டவர்கள் வீட்டுக் கூடத்திலே இன்று நம்மவர் ஒட்டுப்போட்ட விமானம் கொலுவிருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னதும் கை தட்டுகிற தோழர்களிடம் ஒரு கசப்பான சொல்லையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "நம்மிடம் லேத் இருக்கிறது, கோயம்புத்தூர் கணபதியிலே, பீளமேட்டிலே எதைக் கொடுத்தாலும் கடைந்து தருவான், இவர்கள் தயவு எதற்கு?" என்று பேசுவது மேடைக்கு இனிக்கும். வானத்திலே அது கொல்லும். கடைசல்காரர் அளவைக் கச்சிதமாகக் கொண்டுவந்துவிடுவார். அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஆணி எந்த உலோகக் கலவை, எத்தனை வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டது, எத்தனை ஆயிரம் முறை நெளித்தால் முறியும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. 1989 செப்டம்பர் 8 அன்று, நார்வேயிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு பயணி விமானம் கடலிலே விழுந்தது. இருந்த 55 பேரும் மாண்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, வால் துடுப்பை உடலோடு பிணைத்த ஆணிகளிலே போலிகள் இருந்தன! அசலைப் போலவே பளபளத்த போலி. ஐம்பத்தைந்து உயிர், சில ஆணிகள்.

ஓய்வு பெற்ற சரக்கு விமானத்தின் கதையையும் கேளுங்கள். அமெரிக்க விமானப் படை கழித்துவிட்ட பழைய சி-130 ஏ விமானங்கள் சில, தனியார் கைக்குப் போய்க் காட்டுத் தீயை அணைக்கும் வேலைக்கு வந்தன. 2002 ஜூன் 17 அன்று கலிபோர்னியாவிலே வாக்கர் என்ற ஊருக்கு அருகே அவற்றில் ஒன்று தீயின்மேல் மருந்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இறக்கைகளும் கழன்று விழுந்தன. மூன்று பேர் இறந்தார்கள். இறக்கையிலே நெடுநாளாக வளர்ந்துகொண்டிருந்த விரிசலை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று விசாரணை சொல்லிற்று. பழைய விமானத்துக்கு உறுப்பு மட்டும் போதாது. எங்கே தட்டிப் பார்க்க வேண்டும், எதை எப்போது சோதிக்க வேண்டும் என்ற அறிவு வேண்டும். அந்த அறிவும் ஒரு உதிரிப் பாகந்தான். அது தொலைந்தால் கடையிலே கிடைக்காது.

ஆகவே நாம் கேட்பது, "எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யட்டும்" என்ற குருட்டுச் சுதேசியம் அல்ல. வரைபடத்தோடு, உலோகத்தின் குறிப்போடு, சோதனைச் சாலையோடு, முத்திரை வைக்கும் அதிகாரத்தோடு செய்கிற உரிமை. அந்த உரிமைக்குத் தனி விலை உண்டு. அந்த விலையைக் கொடுக்கக் கசங்குகிறவர்கள்தாம் பிறகு ஒவ்வோர் ஆணிக்கும் மானத்தை விலையாகக் கொடுக்கிறார்கள்.

பாக்கெட் போயிற்று, பாடம் வந்ததா? அதன் இடத்தில் 1984 முதல் வந்தது ஏ.என்-32. சூலூர் வட்டாரத்துத் தோழர்களுக்கு அந்த விமானத்தின் இரைச்சல் பழக்கமானது. இந்த முறை விற்றவன் அமெரிக்கன் அல்ல, சோவியத் நாடு. ஆதலால் கயிறு இல்லை என்று பலர் நம்பினார்கள். விற்றவன் நல்லவனாகவே இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். 1991இல் விற்றவனே இல்லாமல் போய்விட்டானே! விமானம் கட்டிய கீவ் நகரமும், எஞ்சின் செய்த சபரோஷியா நகரமும் உக்ரைன் என்ற தனி நாட்டிலே. வேறு சாமான்கள் ரஷ்யாவிலே. 2009இல் ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள்: நூறுக்கும் மேற்பட்ட விமானங்களைப் புதுப்பிக்க வேண்டும், நாற்பது அங்கே, மற்றவை கான்பூரிலே. 2014இல் உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் பகை வெடித்தது. அங்கே போன நாற்பதும் வேலை முடிந்து திரும்பின. கான்பூரிலே நடக்க வேண்டிய வேலை, சாமான் வராமல் இழுபட்டது. 2022 முதல் சபரோஷியா போர்முனைக்கு அருகிலேயே நிற்கிறது. இதிலே யார் மீது கோபம் கொள்வது? 1965இல் கயிற்றை இழுத்தார்கள். 2014இல் கயிறு தானே அறுந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். மாடு இரண்டு முறையும் நடுவழியிலேதான் நின்றது.

இப்போது புதிய மாடு வாங்குகிறார்கள். 2021 செப்டம்பரிலே ஒப்பந்தம்: 56 சரக்கு விமானங்கள், பெயர் சி-295. விலை ஏறத்தாழ 22 ஆயிரம் கோடி ரூபாய். 16 விமானங்கள் ஸ்பெயினிலிருந்து. 40 விமானங்களைக் குஜராத் மாநிலம் வதோதராவிலே கட்டவேண்டும். 2024 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையை இரண்டு பிரதமர்கள் சேர்ந்து திறந்து வைத்தார்கள். நல்லது; இந்த மண்ணிலே கட்டுவது வாங்குவதைவிட மேலானது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் எஞ்சின்? அது பிராட் அண்டு விட்னி கம்பெனியின் கனடா நாட்டு எஞ்சின். கூட்டிலே உட்கார்ந்திருப்பது குயில் முட்டையா, காக்கை முட்டையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா? இந்த விமானம் நாற்பது ஆண்டு பறக்கும். நாற்பது ஆண்டுக்குள் எத்தனை அரசுகள் மாறும், எத்தனை நட்புகள் புளிக்கும்!

இன்னொன்று, திறப்பு விழாவிலே யாரும் பேசாதது. பாக்கெட்டின் முதுகிலே எஞ்சின் ஏற்றிய கைகளும், லிபரேட்டரை எழுப்பிய கைகளும் ஒரு நாளிலே பயின்ற கைகள் அல்ல. ஐ.டி.ஐ. முடித்து உள்ளே வந்த பையன், மூத்த பிட்டருக்குப் பக்கத்திலே பத்தாண்டு நின்றால்தான் தட்டிய ஓசையிலே விரிசல் கேட்கும் காது வரும். அந்தப் பையனை இன்று எப்படி வைத்திருக்கிறோம்? காண்டிராக்ட்! பதினோரு மாதம் வேலை, பிறகு வாசலுக்கு வெளியே. நிரந்தரத் தொழிலாளியின் கதியோ? 2019 அக்டோபரில் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் ஊதியத் திருத்தம் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டி வந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு ஆணியின் விலையைக் கேட்டபடி கொடுப்பார்கள். உள்ளூர்க்காரன் கூலியை மட்டும் ஆண்டுக்கணக்கில் பேரம் பேசுவார்கள்! மூத்தவன் ஓய்வு பெறுகிறான், இளையவன் விரட்டப்படுகிறான், நடுவிலே அறிவு அறுந்து விழுகிறது. பிறகு "தொழில்நுட்பம் வெளியிலிருந்துதான் வரவேண்டும்" என்று பெருமூச்சு வேறு.

பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கை நாடாளுமன்றத்திலே விவாதத்துக்கு வரும்போது, விமானத்தின் விலை எவ்வளவு, தரகன் யார் என்று கேட்பதோடு உறுப்பினர்கள் நின்றுவிடக் கூடாது என்பது நமது விருப்பம். தரகன் தின்பது ஒருமுறை. கயிறு இழுபடுவது நாற்பது ஆண்டு. சி-295இன் எஞ்சின் உறுப்புகளில் எவை இங்கே செய்யப்படும்? உற்பத்தி நின்ற பிறகு வரைபடமும் அச்சும் யாருக்குச் சொந்தம்? விற்ற நாடு 'இல்லை' என்று சொன்னால், எத்தனை மாதத்துக்கு நம்மிடம் கையிருப்பு உண்டு? சூலூரிலும் கான்பூரிலும் உள்ள விமானப் படையின் பழுதுபார்ப்பு நிலையங்களிலே நிரப்பப்படாமல் கிடக்கும் தொழிலாளர் இடங்கள் எத்தனை? அமைச்சர் இவற்றுக்கு எண்ணிலே பதில் சொல்லட்டும். வருகிற பதிலை, கூட்டாமல் குறைக்காமல், இதே இடத்திலே அச்சிடுகிறோம்.